முகம் பார்க்கும் சமையல்

ஒரு வாரம் லீவு கிடைத்தால் மனிதன் ஊட்டிக்குப் போவான், இல்லாவிட்டால் ஒழுகுகிற பாத்ரூம் குழாயை மாற்றுவான். இவர் பிரான்ஸுக்குப் போவார், முகப்பேர் ஏரித் திட்டத்து ஃபிளாட்டின் அடுப்படி வழியாக. (என் அக்கா வீட்டுக்காரரைச் சொல்லவில்லை. தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.)

சமைப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஒரு கிலோ பெல்லாரி வெங்காயத்தை முக்கால் மணி நேரம் சிறுதீயில் வதக்கி சூப் வைப்பார். சிலிண்டர் அவருடையது. மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பாலூற்றிக் கிளறி 'பெஷமல்' என்பார். வெண்ணெய் இல்லாவிட்டால் அதற்குப் போஸ்டர் பசை என்று பேர், அவ்வளவுதான்.

பரிமாறியபின்தான் வினை. உட்காரவே மாட்டார். கரண்டியும் கையுமாக எதிரே நின்று நம் முகத்தையே பார்ப்பார்.

"என்ன தெரியுது மாப்ள?"

"நல்லாருக்கு மாமா."

இந்தப் பதில் செல்லாது. "அது இல்லடா. முழுங்கினப்புறம் பின்னாடி ஒண்ணு வரும் பாரு."

வராது. ஆனால் வந்த மாதிரி புருவத்தைத் தூக்கியாக வேண்டும். தூக்கிவிட்டால் போச்சு. "என்னது அது? சொல்லு!" ஒருமுறை தெரியாத்தனமாக ஓமம் என்றேன். "தைம்" என்று திருத்தியவர் அன்று முழுக்கப் பேசவில்லை. ஓமத்துக்கும் தைமுக்கும் வாசனை தருவது தைமால் என்ற ஒரே சரக்குதான் என்று பிறகு படித்தேன். என் நாக்கு நியாயமாகத்தான் இருந்திருக்கிறது.

மகப்பேறு என்பது மருவித்தான் முகப்பேர் ஆனது என்று சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் பக்கம் சொல்வார்கள். எனக்கென்னவோ இப்படி முகம் பார்த்துப் பார்த்தே வந்த பேர் என்று படுகிறது. வாட்ச்மேன் தப்பவில்லை, இஸ்திரிக்காரர் தப்பவில்லை. கூரியர் பையனை நிறுத்தி ரட்டடூயி கொடுத்தார். அவன் வழித்துத் தின்றுவிட்டு, "கத்தரிக்கா கொத்சு சூப்பர் சார்" என்றான். அன்றுதான் நாங்கள் எல்லோரும் மாமாவின் முகத்தைப் பார்த்தோம்.

பாத்திரங்களா? அக்கா தேய்த்தாள். மீதி 51 வாரமும் சமைக்கிறவளும் அவள்தான். அப்போதெல்லாம் இவர் கண் போனில் இருக்கும். பின்னாடி என்ன வருகிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "உப்பு கம்மி" வந்திருக்கும்.

லீவின் கடைசி நாள், ஆன்லைனில் வரவழைத்த மசாலா வந்தது. 'வடுவான்' என்று பிரெஞ்சுப் பேர். 1954 வரை புதுச்சேரியை ஆண்டவர்கள் நம்மூர் வடகத்துக்கு வைத்த பேர் அது. டப்பாவைத் திறந்ததும் அக்கா ஒருதரம் முகர்ந்தாள். உள்ளே போய், மொட்டைமாடியில் காயவைத்து எடுத்த வெங்காய வடகத்து பாட்டிலைத் திறந்து கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கரண்டியோடு எதிரே நின்றுகொண்டாள்.

"என்னங்க தெரியுது?"

மாமா புருவத்தைத் தூக்கினார்.