தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சின்ன வயதில் சண்டை முற்றினால் அக்கா கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஒன்றுதான். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம். கூடையில வச்சு வித்துட்டுப் போனா ஒருத்தி. அம்மா ரெண்டு படி தவிடு கொடுத்து வாங்கினாங்க." நான் அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடுவேன். அம்மாவாவது மறுப்பாளா? அரிசி புடைத்துக்கொண்டே, "ரெண்டு படி ஏதுடி, ஒரு படிதான்" என்பாள்.

நாற்பத்தைந்து வயதில், ஜப்பானில், அந்தத் தவிடு என்னைத் தேடி வந்தது.

மனைவிக்குக் கிட்டாக்யூஷு நகரில் இரண்டாண்டு ஆராய்ச்சி வேலை. எனக்கு, ஆராய்ச்சி செய்பவளின் கணவனாக இருக்கும் வேலை. கொக்குரா பகுதியில் வீடு. பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தனியாக இருந்தார். என் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை "இந்தோ-சான்" என்று சுருக்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் குப்பையைத் தப்பான கிழமையில் வைத்தாலும் தலைகுனிவு 140 கோடிப் பேருக்கு.

ஒருநாள் பாட்டிக்குக் கொஞ்சம் பருப்பு ரசம் கொடுத்தேன். வாங்கியதற்குப் பதில் மரியாதை செய்யாமல் விடுவது அந்த ஊரில் வழக்கமில்லை. மறுநாள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தேன். ஈர மண் மாதிரி பழுப்பாக ஏதோ. மூக்கை அருகில் கொண்டுபோனதும் நாற்பது வருடம் பின்னால் போய் விழுந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையின் கழுநீர்த் தொட்டி! லட்சுமிப் பசு மட்டும்தான் இல்லை.

அதன் பெயர் நுக்காதோக்கோ. நுக்கா என்றால் தவிடு, தோக்கோ என்றால் படுக்கை. அரிசித் தவிட்டில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, கொம்பு என்னும் கடற்பாசி, காய்ந்த மிளகாய், அந்த ஊர்ப் பக்கமாக இருந்தால் ஸன்ஷோ என்ற மிளகு மாதிரிக் காய் எல்லாம் போட்டுப் புளிக்க விடுவார்கள். அதற்குள் வெள்ளரி, கேரட், முள்ளங்கி எதைப் புதைத்தாலும் ஊறுகாயாக எழுந்து வரும். பாட்டி கொடுத்தது அவருடைய மாமியார் வைத்திருந்த தவிட்டில் ஒரு பிடி. போருக்கு முந்தையது என்றார். நான் எந்தப் போர் என்று கேட்கவில்லை.

"தினமும் ஒரு தடவை அடிவரைக்கும் கையை விட்டுக் கிளறணும். வெயில்காலத்தில் ரெண்டு தடவை."

"கரண்டியால் கிளறலாமா?"

குழந்தையை இடுக்கியால் பிடித்துக் குளிப்பாட்டலாமா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கிளறுவதில் விஷயம் இருக்கிறது. மேல்மட்டத்தில் காற்று பிடித்த நுண்ணுயிர்கள் வெள்ளையாக ஏடு கட்டப் பார்க்கும். அடிமட்டத்தில் காற்றே ஆகாத கூட்டம் ஒன்று நாற்றத்துக்குத் தயாராகும். புளிப்பு தரும் லாக்டிக் பாக்டீரியாக்கள்தான் நமக்கு வேண்டியவை. மற்ற இரண்டு கோஷ்டியும் தலையெடுக்காமல் இருக்க, மேலே இருப்பதைக் கீழே தள்ளி, கீழே இருப்பதை மேலே கொண்டுவர வேண்டும். நம் ஊரில் ஆட்சி மாறியதும் அதிகாரிகளைப் பந்தாடுவார்களே, அதேதான். இங்கே அது தினசரி.

மூன்றாம் நாள் கிளறும்போது விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் துருப்பிடித்த இரும்பு ஆணி. எனக்கு வியர்த்துவிட்டது. பானைக்குள் ஆணி வைத்து யாராவது கொடுத்தால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர். அப்படிக் கெடுதல் செய்யும் அளவுக்கா என் ரசம் இருந்தது? மனைவியிடம் காட்டினேன். அவள் கைப்பேசியில் தேடிவிட்டு, ஆராய்ச்சியாளருக்கே உரிய இரக்கமில்லாத குரலில் சொன்னாள்: "கத்தரிக்காய் கலர் போகாம இருக்கறதுக்கு. இரும்பு பட்டா ஊதா நிறம் நிக்குமாம்." ஆணியைக் கழுவி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி புதைத்தேன்.

முதல் வெள்ளரிக்காய். உப்புத் தேய்த்து இரவில் புதைத்து, காலையில் தோண்டினேன். கழுவி நறுக்கியபோது உள்ளே கண்ணாடிபோல் ஆகியிருந்தது. வாயில் போட்டால் நறுக்கென்ற சத்தம், உப்பு, பிறகு மெதுவாக வரும் புளிப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ வைக்கோல் போர். சுடுசோறும் மிஸோ சூப்பும் இருந்தால் போதும், வேறு தொடுகறி கேட்கத் தோன்றாது.

இந்தத் தவிட்டுக்கு ஒரு பழிவாங்கும் கதையும் உண்டு. டோக்கியோவின் பழைய பெயர் எதோ. அங்கே வந்து தீட்டிய வெள்ளை அரிசியாகச் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கி, மரத்து, இதயம் நின்றது. அதற்கு 'எதோ வியாதி' என்றே பெயர். ஏதோ வியாதி என்று படித்தாலும் தப்பில்லை, காரணம் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. 1910-ல் ஸுஸுகி உமேதாரோ என்ற விஞ்ஞானி தவிட்டிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்தார். இன்று அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர். தவிட்டில் ஊறிய வெள்ளரிக்குள் அந்தச் சத்து போய்ச் சேர்கிறது. மாட்டுக்குத் தெரிந்தது மனிதனுக்குத் தெரிய இத்தனை நாள்.

கொக்குராக்காரர்கள் காய்கறியோடு நிற்பதில்லை. தங்கா சந்தையில் மத்தி மீனையும் கானாங்கெளுத்தியையும் சோயா சாஸ், சர்க்கரையில் கொதிக்கவிட்டு, இந்தத் தவிட்டையே அள்ளிப் போட்டுச் சுண்ட வைத்து விற்கிறார்கள். நுக்காதாக்கி என்று பெயர். 1632-ல் கொக்குராக் கோட்டைக்கு வந்த ஓகாஸவாரா பிரபுவோடு இந்தத் தவிட்டுப் பழக்கமும் வந்தது என்பது ஊர்ப் பேச்சு. முள் கரைந்து, கவிச்சை போய், சாந்து மாதிரி அப்பிய மசாலாவோடு மீன் அருமையாக இருந்தது. ஆனாலும் தினமும் கிளறி வளர்ப்பவனுக்கு, அதை வாணலியில் பார்க்கும்போது கொஞ்சம் சங்கடம்தான்.

ஆகஸ்டில் நான்கு நாள் கியோட்டோ போனோம். பெட்டியில் எல்லாம் எடுத்து வைத்தேன், பிள்ளையை மட்டும் அடுப்படியில் மறந்துவிட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும், யாரோ நகச்சாயப் புட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலுறையைக் காயப்போட்டது மாதிரி ஒரு வாசனை. மேலே வெள்ளைப் போர்வை. போருக்கு முந்தைய தவிடு, குண்டுவீச்சுக்குத் தப்பிய தவிடு, இந்தோ-சானிடம் மாட்டிக்கொண்டு செத்தது என்று தலைப்புச் செய்தி கண்முன் ஓடியது.

டப்பாவோடு பாட்டி முன் போய் நின்றேன். முகர்ந்து பார்த்தார். "சமைக்கும்போது பாடுவீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். மோசமாகப் பாடுகிறவர்களைப் பார்த்து, 'தவிடே கெட்டுப்போகும்' என்று சொல்வது ஜப்பானிய வழக்காம். நம் ஊரில் கழுதையோடு விட்டுவிடுகிறோம். பிறகு வெள்ளை ஏட்டை வழித்து எறிந்து, புதுத் தவிடும் உப்பும் கடுகுப் பொடியும் போட்டுப் பிசைந்து, "ஒரு வாரம் எதையும் புதைக்காதீர்கள். பாடவும் வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிழைத்துக்கொண்டது. அன்று ராத்திரி அக்காவிடம் தொலைபேசியில் முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தத் தவிட்டுக்கு என்னடா கொடுத்தே?"

"ஒரு கிண்ணம் ரசம்."

"பரவாயில்லையே, உன்னைவிட மலிவு" என்று வைத்துவிட்டாள்.