பாரைப் பாருங்கள்!

கடல் தெளிவாகக் கிடக்க, பாரை மீன் ஏன் அலை அடிக்கும் கரைக்கே வருகிறது?
*வாசகர், மணற்காடு*

பந்தி விரித்த இடத்துக்குத்தானே நீங்களும் போவீர்கள்? அலை உடைந்து புரளும்போது சின்ன மீன்கள் திசை தடுமாறும். விடியற்புறமும் பொழுதுபடும் நேரமும் பாரைக்கு முதல் பந்தி.

பாறைக்கும் பாரைக்கும் என்ன வித்தியாசம்?
*வாசகர், பருத்தித்துறை*

ஓர் எழுத்து. அதையும் கடல் அழித்துவிட்டது: வளர்ந்த பெரும்பாரை முருகைக்கல் பாறையோரம்தான் திரியும். அடுத்த முறை சந்தையில் அதன் வாலடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். அரம்போலக் கெட்டியான செதிள் வரிசை கையில் தட்டுப்படும்.

குஞ்சுகள் வளர்வது யாழ்ப்பாணக் கடல்நீரேரி போன்ற ஆழமில்லாத நீரில். உள்ளங்கை அளவிலேயே சிறுகண் வலை அவற்றை அள்ளிவிட்டால், வெளிக்கடலில் தூண்டில் போட்டு யாருக்காகக் காத்திருப்பது?

பாரை பறவையையும் பிடிக்குமாம். நம்பலாமா?
*வாசகர், வல்வெட்டித்துறை*

தாராளமாக. சீஷெல்ஸ் தீவுகளில் தாழப் பறந்த ஆலாக்களைப் பெரும்பாரை எகிறிப் பாய்ந்து கவ்வியதை, பிபிசி 2017இல் ஒளிபரப்பிய ‘புளூ பிளானட் 2’ தொடரில் உலகமே பார்த்தது. 80 கிலோ வரை வளரும் மீன் அது. உங்கள் கரையில் நிற்கும் கொக்குக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.