அவள் சொன்ன ‘சில்லி’

வா தம்பி, இரு. அந்தக் கடகத்தைத் தள்ளிப்போட்டு வலையின்ரை மற்றத் தலைப்பைப் பிடி. ஊசி அங்கை கிடக்கு. கண் கிழிஞ்ச இடமாய்ப் பாத்துப் பொத்திக்கொண்டே கதை சொல்லு. முகம் ஏன் வெயிலிலை காய்ஞ்ச திருக்கை மாதிரிக் கிடக்கு?

ஓ. லண்டன் மச்சாள் போனிலை உன்னைச் ‘சில்லி’ எண்டு சொல்லிப்போட்டாள். அதுக்கோ ரெண்டு நாளாய்ச் சோறு இறங்கேல்லை? எடேய், அவள் உன்னைப் பாக்கியவான் எண்டெல்லோ சொல்லியிருக்கிறாள்! சிரியாதை, மெய்யாத்தான். ஒரேயொரு சிக்கல், அந்தக் கருத்திலை சொல்லியிருந்தால் அவளுக்கு இப்ப எண்ணூறு வயசாவது இருக்கோணும். அதை மட்டும் வடிவாய் விசாரிச்சுப்போட்டுச் சம்பந்தம் பேசு.

நான் எட்டாம் வகுப்போடை கடலுக்குப் போனவன்தான். ஆனால் அந்தக் காலத்திலை இஞ்சை இருந்த ஒரு சுவாமி பின்னேரத்திலை பழைய இங்கிலிஸ் புத்தகங்களை வாசிச்சுக் கதை கதையாய்ச் சொல்லுவார். பாதி விளங்கும், மற்றப் பாதியை நான் கடலிலை கிடந்து யோசிப்பன்.

சில்லிக்கு முந்தி ‘சீலி’ எண்டு ஒரு சொல் இருந்தது. இப்ப அது செத்த சொல், ஒருத்தரும் பாவிக்கிறேல்லை. அதையும் பெத்தது ‘ஸேல்’. நல்ல நேரம், பருவம், சந்தோசம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளை. படிச்ச ஆக்களுக்கு இது புதினமாய் இருக்கும். எங்களுக்கு என்ன புதினம்? காற்று மாறி மீன் படுற நேரம் வாய்ச்சவன் சந்தோசக்காரன், வாயாதவன் கடன்காரன். அந்த வாய்ச்சவனைத்தான் வெள்ளைக்காரன் சீலி எண்டான்.

பிறகு சொல் கோயிலுக்குள்ளை போச்சுது. கடவுளின்ரை ஆசீர் கிடைச்சவன் சீலி. ஆசீர் கிடைச்சவனுக்குச் சூதுவாது தெரியாது. சூதுவாது தெரியாதவனைப் பாத்தால் பரிதாபம். பரிதாபப்பட்டவன் பலமில்லாதவன். பலமில்லாதவனுக்கு மூளை எங்கை? இப்பிடி மோட்சத்திலையிருந்து ஒவ்வொரு படியாய் இறங்கி, 1500களின்ரை கடைசிப் பக்கம் ‘மடையன்’ எண்ட படியிலை வந்து குந்தீட்டுது. நீட்டிச் சொன்ன ‘சீ’யும் தேய்ஞ்சு ‘சி’ ஆச்சு. கௌரவம் போனால் நீளமும் போகும் போலை. உன்ரை குணசீலி மாமியின்ரை சீலி வேறை, கண்டியோ. அது சீலம். ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டு மாமியிட்டை வாங்கிக் கட்டாதை.

சாசர் எண்டு ஒரு கவிஞன், 1400 ஆம் ஆண்டு செத்தவன். அவன்ரை கதையொண்டிலை ஒக்ஸ்போர்ட் ஊரிலை ஒரு வயசுபோன ஓடாவி. பெண்சாதி இளம்பெட்டை. வீட்டிலை வாடகைக்கு ஒரு படிச்ச பொடியன், சாத்திரம் பாக்கிறவன். பொடியன் ஒருநாள் சொல்லுறான்: “நோவா காலத்து வெள்ளத்தை விட இரட்டிப்பாய் வெள்ளம் வரப்போகுது, மூண்டு தொட்டியைக் கூரையிலை கட்டித் தூக்கு.” மனுசன் மாப்பிசையிற தொட்டியெல்லாம் தேடி எடுத்து, சாப்பாடும் வைச்சு, கயிறு வெட்டக் கோடாலியும் வைச்சு, மேலை ஏறிக் குந்தினார். நித்திரையும் ஆனார். பெண்சாதியும் பொடியனும் தங்கடை தொட்டியளிலை இருந்தினமோ எண்டு கேளாதை, நீ இன்னும் கலியாணம் கட்டேல்லை. விடியமுந்திக் கீழை ஆரோ “தண்ணி, தண்ணி” எண்டு கத்த, இவர் வெள்ளம் வந்திட்டுதெண்டு கயிறை வெட்டினார். தொட்டியோடை நிலத்திலை விழுந்து கை முறிஞ்சுது. ஊர் கூடிச் சிரிச்சு, விசரன் எண்டு முடிவு கட்டிச்சுது.

ஒரு துளி தண்ணியில்லாத இடத்திலை கப்பல் ஓட்டின அந்த ஓடாவியைச் சாசர் திருப்பித் திருப்பிச் சீலி, சீலி எண்டுறான். என்ன கருத்திலை? பாக்கியவான் எண்டோ, பாவம் எண்டோ, பேயன் எண்டோ? மூண்டையும் ஒரு சொல்லுக்குள்ளை வைச்சுக் கண்ணடிக்கிறான். கள்ளன். எங்கடை குருநகரிலை அந்தக் கதை எடுபடாது. இஞ்சை ஓடாவியிட்டைப் போய் வெள்ளம் வருகுதெண்டால், முதலிலை முற்பணம் கேப்பான். ஞானோபதேசம் ஒழுங்காய்ப் படிச்சவனெண்டால், இனி அப்பிடி வெள்ளம் வராது எண்டு கடவுள் வானவில்லைக் காட்டிச் சொன்னதையும் எடுத்துவிடுவான்.

இழுத்துக் கட்டு, முடிச்சு வழுகுது.

வெள்ளைக்காரனைப் பகிடி பண்ணிக்கொண்டு இருக்கேலாது. எங்கடை வாயைப் பார். ‘எளிய’ எண்ட சொல். மலைப்பிரசங்கத்திலை எளிய மனசுக்காரரைத்தான் ஆண்டவர் முதல் பாக்கியவான்களாய் வைச்சார். ஞாயிறு பூசையிலை அதைக் கேட்டுக் கண் கலங்குறம். வெளியிலை வந்து, துறையிலை ஒருத்தன் எங்கடை கயிறிலை கையை வைச்சால் “எளிய நாயே” எண்டுறம். அதே எளிய! கோயில் வாசலுக்கும் துறைக்கும் இடையிலை எத்தினை முழம்? அதுக்குள்ளை சொல் மோட்சத்திலையிருந்து விழுந்து கை முறிஞ்சு போச்சுது.

‘பாவம்’ இன்னும் விசித்திரம். அது நரகத்திலையிருந்து ஏறி வந்த சொல். பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுற பாவத்துக்குத் தண்டனை உண்டு. ஆனால் “பாவம் அந்தப் பிள்ளை” எண்டால் ஒரு றாத்தல் பாண் வாங்கிக் குடுப்பினம். இங்கிலிஸ் சீலி மேலையிருந்து இறங்க, தமிழ்ப் பாவம் கீழையிருந்து ஏற, ரெண்டும் பரிதாபம் எண்ட ஒரே திண்ணையிலை சந்திச்சிருக்குதுகள். இதை நான்தான் கண்டுபிடிச்சனான், சுவாமி இல்லை. எழுதி வை.

ஊர்ப்பேரையும் விட்டமோ? கரையூரெண்டு இருந்தது குருநகராச்சு. பேர் மாறிச்சுது, நாத்தம் மாறேல்லை. ஏன், நாத்தம் எண்டதும் ஒருகாலம் வாசனைதானே.

இந்தச் சீலியின்ரை எல்லாக் கருத்தையும் ஒரே உடம்பிலை சுமந்த மனுசன் யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கிறார். யோசப் வாஸ். 1658 இலை ஒல்லாந்தன் கோட்டையைப் பிடிச்சாப்பிறகு கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அவர் கோவாவிலையிருந்து புறப்பட்டு, 1687 இலை வருத்தத்தோடை, பிச்சைக்கார வேசத்திலை இஞ்சை வந்து சேர்ந்தார். படலை படலையாய்ப் போனார். பாத்தவை “பாவம்” எண்டிருப்பினம், சிலபேர் “விசரன்” எண்டிருப்பினம். 1995 தை 21, கொழும்பிலை பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவர் ஆக்கினார். 2015 தை 14, காலிமுகத்திடலிலை பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக்கினார். முத்திப்பேறு பெற்றவருக்கு ஜெர்மன்காரன் என்ன சொல்லுவான் தெரியுமோ? ‘செலிக்’. சீலியின்ரை சொந்தச் சகோதரம்! ஒல்லாந்தனிட்டை ‘சாலிக்’. எங்கடை சுவாமிமாரைத் துரத்தின ஆக்கள் பாக்கியவானுக்கு வைச்சிருந்த சொல்லும் அதே குடும்பம்தான். ஜெர்மன்காரன் செத்த தகப்பனையும் செலிக் எண்டுவான். நாங்கள் செத்தவரை அமரர், சாவில்லாதவர் எண்டு போஸ்டர் அடிக்கிற மாதிரி.

உன்ரை சின்னண்ணை ஜெர்மனியிலைதானே? அவனுக்கு அந்தச் சொல் மேல்மாடியிலை இருக்கு, லண்டன் மச்சாளுக்குக் கீழ்வீட்டிலை. தமையனைக் கூப்பிட்டு அவளுக்கு விளங்கப்படுத்தச் சொல்லு. அதுக்காண்டி அவனை அவளோடை கனநேரம் கதைக்க விடாதை. ஓடாவியின்ரை கதை நினைவிருக்கட்டும்.

லண்டனிலையும் சீலி முழுக்கச் சாகேல்லை. குடும்பப் பேராய் உயிரோடை இருக்குது. சீலி எண்டு ஒரு சரித்திரப் பேராசிரியர் 1883 இலை புத்தகம் எழுதினார். இங்கிலாந்து அரைவாசி உலகத்தைப் பிடிச்சது திட்டம் போட்டல்ல, ஏதோ கவனப்பிசகிலை நடந்த மாதிரியெண்டு ஒரு இடத்திலை சொல்லியிருக்கிறார். பேருக்கு ஏத்த அப்பாவித்தனம். நானும் ஒருக்கால் கவனப்பிசகிலை மற்றவன்ரை வலையிலை கிடந்த மீனை எடுத்தனான். அதுக்கு ஒருத்தரும் என்னைப் பேராசிரியர் ஆக்கேல்லை.

உனக்கு ஒரு புத்தி சொல்லுறன். ஆரும் “பேயா” எண்டால் பயப்பிடாதை, அது கோவம், ரெண்டு நாளிலை ஆறீடும். ஏலத்திலை யாவாரி தோளைத் தடவி “ஐயா நல்ல மனுசன்” எண்டான் எண்டு வை, உடனை பறியை எண்ணு. கிலோவுக்கு அம்பது ரூபா குறைக்கிறதுக்கு முந்தின சொல் அது. என்ரை மனுசியும் கடைசி மோளின்ரை சீதனப்பேச்சு வரேக்கை மட்டும்தான் என்னை நல்ல மனுசன் எண்டவ.

மச்சாளுக்கு என்ன எழுதுறதோ? “வாழ்த்துக்கு நன்றி” எண்டு எழுது. அவள் என்ன வாழ்த்தெண்டு கேப்பாள். கேட்டாளெண்டால் கதை ஓடும்.

எங்கை, வலையைத் தூக்கிக் காட்டு பாப்பம். ம், நாலு முழம் பொத்திப்போட்டாய். எனக்கு உது ரெண்டு நாள் வேலை. வள்ளத்துக்குள்ளை இன்னொண்டு கிடக்கு, இதைவிட மோசமாய்க் கிழிஞ்சது. நாளைக்கு வெயிலேற முந்தி வந்திடு மோனே. நீ நல்ல பிள்ளை.