ஆட்டி எடுத்த படம்

கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் இருக்க, கேமரா கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொட்டி ஒரு வசதி செய்திருக்கின்றன. அதற்கென்றே கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, மரக்காணம் உப்பளத்தில் கால் வைத்ததும் முதல் வேலையாக அதை அணைக்கிறேன். பிறகு நானே ஆட்டுகிறேன். நுண்கலை என்றால் சும்மாவா?

இதில் நமக்கு முன்னோடி எர்ன்ஸ்ட் ஹாஸ். 1956இல் ஸ்பெயின் காளைச் சண்டையை மெதுவான ஷட்டரில் எடுத்து, காளையையும் ஆளையும் வண்ணமாகக் கரைத்துவிட்டார். உலகம் கைதட்டியது. என் படங்களைப் பார்த்த வீட்டுக்காரியோ, "நம்ம கல்யாணத்துக்கு வந்தவரும் இப்படித்தானே எடுத்தாரு? அவருக்கு மட்டும் ஏன் பாக்கியக் குடுக்கல?" என்றாள்.

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பார்கள். அந்நூலின் புலவர் நத்தத்தனார் பார்த்ததைப் பார்த்தபடி பாடிவிட்டுப் போனார். அவரிடம் ஆட்டுவதற்கு எதுவும் இல்லை. எனக்கோ இது வாகான இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பாத்தி, வரப்பு, வானம், எல்லாமே படுக்கைக் கோடு. கேமராவைத் தொடுவானத்தோடு பக்கவாட்டில் இழுத்தால் கோடுகள் அப்படியே நிற்கும். மின்கம்பமும் மொபெட்டும் மாயமாகிவிடும். கீழிருந்து மேலே இழுத்தால் உப்புக் குவியல் வெள்ளைத் திரையாக எழும்.

வில்லன் வெயில்தான். அரை விநாடி ஷட்டரைத் திறந்தால் படம் சலவை வேட்டி. ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 22, லென்சுக்குக் கறுப்பு ஃபில்டர் என்று கட்டிப்போட்டால் வழிக்கு வரும். அதிலும் ஒரு வினை. துளையை அவ்வளவு சுருக்கினால் சென்சாரில் ஒட்டிய தூசியும் பதியும். கேமராவோடு அதுவும் நகர்வதால், கலைந்த படத்தில் அது மட்டும் கலையாது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "இன்னா சார், கை நடுங்குது? சுகர் பாத்தீங்களா?"

விளக்கினேன். "நின்னு நின்னு இழுக்கறீங்க, அதான் திட்டுத் திட்டா வருது" என்று பலகையை ஒரே வீச்சில் இழுத்துக் காட்டினார். தண்ணீரைத் தொடும் முன்பே கை நகரத் தொடங்கியிருந்தது. உப்பு வரப்போரம் சேர்ந்த பிறகே நின்றது. ஷட்டருக்கும் அதுதான் விதி: ஓட்டத்தின் நடுவில் அழுத்த வேண்டும். இதைக் கற்றுத்தரும் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

அப்படியே எடுத்துக் காட்டினேன். "இது நம்ம பாத்தி, இது வரப்பு" என்று சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் விரலை நிறுத்தினார்.

"இது இன்னா, கறுப்பா?"

"பூநாரை, தூரத்துல" என்றேன், முகம் மாறாமல்.

அவர் பொறுமையாக அடுத்தடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்தார். "நல்ல நாரை சார். நீங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மூலைல வந்து நிக்குது."