வேலுப்பிள்ளையின் கட்சிக்காரர்கள்

வில்லிங்டன் தீவைக் கடவுள் படைக்கவில்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் காயலின் அடிச்சேற்றை வாரிக் கொட்டி எழுப்பிய நிலம் அது, ஏறத்தாழ 780 ஏக்கர். கொச்சித் துறைமுகத்தின் வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை அறுத்து, 1928 மே மாதம் 'பத்மா' கப்பலையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

அதே 1928இல் திருவனந்தபுரத்தில் ஆண் குலத்துக்குப் பேராபத்து ஒன்று வந்தது. பெண்கள் அரசாங்க உத்தியோகம் கேட்டார்கள். கடலை ஆழமாக்கலாம், காயலை நிலமாக்கலாம், அதிலெல்லாம் இயற்கைக்கு ஒரு விரோதமும் இல்லை. ஒரு பெண் கச்சேரியில் உட்கார்ந்து பேரேடு எழுதினால்தான் குடும்பம் குலைந்து, கலாசாரம் கவிழ்ந்து, குழந்தைகள் தெருவில் நிற்கும். பின்னாளில் திருவிதாங்கூர் மானுவல் எழுதிப் பெயரெடுத்த பண்டிதர் டி.கே. வேலுப்பிள்ளை மேடையேறிப் பேசியதன் சாரம் இதுதான்.

சட்டப் பட்டம் வாங்கிய இளம்பெண் அன்னா சாண்டி அதே மேடையில் பதில் சொன்னார். அழவில்லை, கெஞ்சவில்லை. கூட்டத்தையே கோர்ட்டாக்கினார். பண்டிதரை வாதியாக்கி, அவருடைய பேச்சைப் பிராது மனுவாக்கி, வரிவரியாகக் கிழித்தார். பிறகு கிரிமினல் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே 1930இல் 'ஸ்ரீமதி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வாயால் வாதாடுவது போதாதென்று மையாலும் வாதாடத் தொடங்கிய பெண்ணை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைத் தேர்தலில் நின்றார். வாதத்துக்கு எதிர்வாதம் கிடைக்காதவன் கையில் எப்போதும் ஒரு பசைவாளி இருக்கும். திவானோடு அவரை முடிச்சுப் போட்டு வதந்தி கிளப்பினார்கள், சுவரெல்லாம் ஆபாசம் ஒட்டினார்கள். தோற்றார். ஸ்ரீமதியில் சூடாகத் தலையங்கம் எழுதினார். 1932இல் சபைக்குள் போயே விட்டார்.

'சமத்துவம் கேட்கிறாயே, தூக்குமரத்திலும் சமத்துவம் வேண்டுமா?' என்று மடக்கும் புத்திசாலிகள் இன்றும் டீக்கடைக்கு ஒருவர் உண்டு. திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்கிலிருந்து விலக்கு இருந்தது. அந்தச் சலுகை வேண்டாமென்றே அன்னா சாண்டி வாதாடினார். தன் உடம்பின் மேல் பெண்ணுக்கு அதிகாரம் வேண்டும், கருத்தடை பற்றி அவளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று 1935இல் பேசினார். சொந்தச் சமயத்துப் பெண்களே முகம் சுளித்தார்கள். புத்திசாலிகளுக்கு இந்த இரண்டும் தெரியாது. தெரிந்துகொண்டால் கேள்வி வீணாகிவிடுமே!

1937இல் முன்சீப். 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, இந்தியாவிலேயே முதல் பெண். தீவிலிருந்து காயலைத் தாண்டினால் எறணாகுளம், அந்த நீதிமன்றம் இருக்கும் கரை. தீவுப் பக்கத்து நட்சத்திர ஓட்டல்களில் மார்ச் 8 தோறும் ரோஜாவும் கேக்கும் தருகிறார்கள். கேக்கைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

புகார் அலமாரியைப் பற்றி. 2017 பிப்ரவரியில், இதே கொச்சியில், ஓடும் காரில் ஒரு நடிகை தாக்கப்பட்டார். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய அரசு குழு போட்டது. அன்னா சாண்டி உட்கார்ந்த அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஹேமா அதற்குத் தலைவர். 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கையைக் கையில் கொடுத்தார். 2024 ஆகஸ்ட் 19 வரை அது வெளிச்சம் பார்க்கவில்லை. நாலரை ஆண்டு! பெண்ணை அடக்கி வை என்று 1928இல் பண்டிதர் மேடை போட்டுக் கத்த வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமம் இல்லை. பேசச் சொல்லி, படியெடுத்து, முத்திரை குத்தி, பூட்டிவிட்டால் போதும். வெளிவந்தபோதும் பக்கங்களைக் கழித்துக்கொண்டே வந்தது. அதைத் தொடர்ந்து மலையாள நடிகர் சங்க நிர்வாகக் குழு கூண்டோடு ராஜினாமா செய்தது. அந்தச் சங்கத்தின் பெயர் 'அம்மா' என்பதை நான் எந்த உள்நோக்கமும் இல்லாமல் குறிப்பிடுகிறேன்.

மலையாளத்தான் கதைதானே என்று சிரிக்கும் சென்னைவாசியே, கொஞ்சம் நில். 2018இல் பாடகி சின்மயி பாலியல் தொல்லை பற்றி வாய் திறந்தார். டப்பிங் யூனியன் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏனாம்? சந்தா பாக்கியாம்! வேலுப்பிள்ளையாவது காரணம் சொல்ல இலக்கணத்தோடு ஒரு பேச்சு தயாரித்தார். அவருடைய இன்றைய கட்சிக்காரர்களுக்கு ஒரு ரசீதுப் புத்தகம் போதும்.

'அதுதான் நீதிபதி வரை வந்துவிட்டார்களே, இன்னும் என்ன?' என்பது அடுத்த வாதம். பதில் இதோ: உச்ச நீதிமன்றம் 1950இல் தொடங்கியது. தலைமை நீதிபதி நாற்காலியில் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. பணிமூப்பு வரிசை பிசகாமல் போனால் 2027 செப்டம்பரில் நீதிபதி பி.வி. நாகரத்னா உட்காருவார். அவருக்குக் கிடைக்கப்போகும் பதவிக்காலம் 36 நாள்.