காரியதரிசியும் காற்றுக் குமிழியும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் காரியதரிசியைத் தேர்ந்தெடுக்கும் முறை மிக எளிது. பொதுக்குழுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ, அவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திருவானைக்கோவிலில் ஒரு சஷ்டியப்தபூர்த்திச் சாப்பாட்டில் இருந்தேன். இலையில் இரண்டாம் முறையாக அல்வா விழுந்த நேரத்துக்கு நான் காரியதரிசியாகியிருந்தேன் என்பதை, பிற்பாடு மினிட் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பதவியோடு கைக்கு வந்த சொத்துகள் மூன்று: எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவிக்கொத்து, வரவு மட்டும் எழுதப்படாத ஒரு வரவு செலவு நோட்டு, ஒரு டீசல் ஜெனரேட்டர்.

ஜெனரேட்டருக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 2012-இல் சென்னையைத் தாண்டிய தமிழ்நாடு முழுக்க, நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது வாங்கியது. ஸ்ரீரங்கத்தில் அப்போது மதிப்பிற்குரிய மாப்பிள்ளைகளைவிட அதற்கு உபசாரம் அதிகம். பிறகு கரண்ட் ஒழுங்குக்கு வந்தது. ஜெனரேட்டரை எல்லோரும் மறந்தார்கள். டீசல் இன்ஜினுக்கு இந்த மறதிதான் விஷம். பாதி டாங்க் டீசலோடு மாதக்கணக்கில் நின்றால், மேலே உள்ள காலி இடத்துக் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம். அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் டீசலுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டில் நுண்ணுயிர்கள் பட்டா வாங்காமலே குடியேறி, கறுப்பாக ஒரு வழவழப்பை உண்டாக்கும்.

பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் இந்தத் தொல்லையை நன்றாக அறிவார்கள். காற்று இருக்கும்வரை பாய். துறைமுகத்துக்குள் நுழையும்போது மட்டும் இன்ஜின். அதனால் பெரும்பாலும் அது சும்மா கிடக்கும். கடல் கொந்தளிக்கும் நாளில்தான் டாங்கின் அடிக்கசடு கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். அதாவது, இன்ஜின் மிக அவசியமான நிமிஷத்தில்தான் அது நிற்கும். எங்களுக்குக் கடல் இல்லை. ஆனால் தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. படகு இன்ஜினுக்கு உள்ள உரிமைகள் தனக்கும் உண்டு என்று எங்கள் ஜெனரேட்டர் நினைத்திருந்தால் சட்டப்படி அதைக் குறை சொல்ல முடியாது.

மார்கழி மாதம். வைகுண்ட ஏகாதசிக்காக மும்பையிலிருந்து என் ஷட்டகர் வந்திறங்கினார். அவர் லிஃப்டில் ஏறிக் கதவு சாத்தியதும் கரண்ட் போயிற்று. காவல்காரர் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார். அது முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டு, படிக்கட்டு விளக்குகளை எல்லாம் ஏற்றிவைத்துக் கம்பீரமாக ஓடியது. "பாத்தீரா ஓய், என்ன கண்டிஷன்!" என்று கீழ்வீட்டு மாமாவிடம் நான் சொல்லி வாய் மூடவில்லை, லிஃப்ட் கிளம்பியது. இன்ஜின் சத்தம் இறங்கியது; விளக்குகள் சிவந்தன; ஒரு பெருமூச்சோடு எல்லாம் அடங்கின. ஷட்டகர் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றார். பரமபத வாசலுக்காக வந்த மனிதர், முதலில் லிஃப்ட் வாசல் திறக்கக் காத்திருக்கும்படி ஆயிற்று. காவல்காரர் மொட்டை மாடிக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி அவரைக் கீழே இறக்கினார்.

என் மனைவி நிலைமையை ஆராய்ந்து ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதினாள்: "ஏன்னா, இது உங்கள மாதிரியேன்னா இருக்கு. சும்மா இருக்கறச்சே நன்னா ஓடறது, ஒரு வேலை சொன்னா நின்னுபோறது."

கேலியாகச் சொன்னாளோ நிஜமாகச் சொன்னாளோ, நோய்க்குறியை இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. சும்மா ஓடும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். அரைகுறையாக அடைபட்ட ஃபில்டர் வழியாகவும் அது வந்துவிடும். லோடு ஏறியதும் அதிகம் கேட்கும். அப்போதுதான் அடைப்பு தெரியும். ஆனால் இது எனக்குப் பிற்பாடு மெக்கானிக் சொல்லித்தான் விளங்கியது. அன்றைக்கு மனைவியின் வாக்கியத்தில் பாதிதான் என் காதில் ஏறியது, அதுவும் வலிக்கிற பாதி.

அதற்குள் நிபுணர்கள் கூடிவிட்டார்கள். தலைமை வகித்தவர் கீழ்வீட்டு மாமா. பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் இடம்பெயர்ந்து வந்த பணிமனை அது. டீசல் ரயில் இன்ஜின்களுக்குத் திருச்சியின் தலைமைப் பீடம். மாமாவிடம் ஒரு தலைவலி என்று சொன்னாலும் டபிள்யூ.டி.எம்-2 இன்ஜினை வைத்துத்தான் விளக்குவார். "ஓய், அது பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், டாங்க் மட்டும் 5,000 லிட்டர்" என்று தொடங்கி, மூன்று சிலிண்டர் கொண்ட எங்கள் பிள்ளைப்பூச்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாசில் போயிடுத்து. மூணையும் மாத்தும்" என்றார்.

நாசில் என்றால் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் மூக்கு. மாமா சொன்னது எனக்கு உடனே சரி என்று பட்டது. குடித்தனக்காரன் புத்தி அப்படித்தான். எது விலை அதிகமோ அதுதான் கெட்டிருக்கும் என்று நம்புவான். டாங்க் மூடி கெட்டிருக்கும் என்று யாராவது சொன்னால், அவனுக்கு அவமானமாக இருக்கும்.

மறுநாள் பாலக்கரையிலிருந்து மெக்கானிக் வந்தார். மெக்கானிக் வந்துவிட்டால் காரியதரிசிக்கு ஒரே ஒரு உத்தியோகம்: டார்ச் பிடிப்பது. அதில் எனக்கு ஒரு தனித் திறமை உண்டு. ஸ்பேனர் எங்கே இருக்கிறதோ, அந்த இடம் ஒன்றைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் என் வெளிச்சம் விழும்.

அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "செல்ஃப் அடிங்க" என்று சொல்லிவிட்டு, சைலன்ஸர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"புகை வருதா சார்?"

"வரலையே."

"வெள்ளையா புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியலன்னு அர்த்தம். புகையே இல்லன்னா டீசலே போகல."

மாமா விடவில்லை. "நாசில் அடைச்சிருக்கும்யா."

"மூணு நாசிலும் ஒரே நாள்ல சேர்ந்து ரிட்டையர் ஆவுமா சாமி?"

மாமா சற்று நேரம் மௌனமானார். மெக்கானிக்கின் சாஸ்திரம் இவ்வளவுதான்: டீசல் டாங்கில் புறப்பட்டு நாசிலில் முடிகிறது, தேடுகிறவனும் டாங்கில் தொடங்க வேண்டும். டாங்க், குழாய், ஃபில்டர், ஃபீட் பம்ப், பெரிய பம்ப், கடைசியாக நாசில். தற்செயலாக, செலவும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் ஏறுகிறது.

டாங்கின் அடித் திருகைக் கழற்றி, வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தார். சிறிது நேரத்தில் மேலே டீசல், கீழே தண்ணீர், நடுவில் சங்கத்தின் பெயரைக் கெடுக்கும் ஒரு கறுப்பு வளையம். ஃபில்டரைக் கழற்றினால் அது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. புது ஃபில்டர் போட்டார். நான் பெருமூச்சு விட்டு, "அவ்வளவுதானே, போடட்டுமா?" என்று கேட்டேன்.

"இருங்க சார். ஏர் எடுக்கணும்."

ஃபில்டரைத் திறந்து மூடினால் குழாயில் காற்று புகும். புகுந்தால் என்ன, இத்தனூண்டு காற்று என்று எனக்குத் தோன்றியது. நாசில் திறப்பதற்கு ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டுமாம்; கார் டயரில் இருப்பதுபோல் சுமார் நூறு மடங்கு. டீசலை நெருக்கினால் அது அவ்வளவாகச் சுருங்காது. முட்டிக்கொண்டு நாசிலைத் திறக்கும். நடுவில் ஒரு குமிழி இருந்தால், பம்ப் தள்ளத் தள்ளக் குமிழி சுருங்கும், விரியும், சுருங்கும். வேலை நடப்பது போலவே இருக்கும், எதுவும் நடக்காது. எங்கள் செயற்குழுவில் பல ஆண்டு அனுபவம் உள்ளவன் ஆதலால் எனக்கு இது சட்டென்று புரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினில், எண்ணெயை உள்ளே செலுத்தியதே அழுத்திய காற்றுதான். அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரஸர். 1927-இல் பாஷ் கம்பெனி பம்புகளைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யத் தொடங்கிய பிறகு காற்று வேலையிழந்தது. அந்தக் கோபத்தில்தான் இன்றும் சந்து கிடைத்தால் உள்ளே புகுந்து பழி வாங்குகிறது போலும். ருடால்ஃப் டீசலின் முடிவும் விசித்திரம். 1913 செப்டம்பரில் ஆண்ட்வெர்ப்பில் கப்பல் ஏறியவர், இங்கிலாந்துக் கரையில் இறங்கவில்லை. எங்கள் சங்கத்தின் முன்னாள் காரியதரிசிகள் சிலரும் கணக்கு ஒப்படைக்கும் சமயத்தில் பெங்களூருக்குப் பஸ் ஏறினார்கள். அவர்களைப் பற்றியும் அதற்கப்புறம் தகவல் இல்லை.

ஏர் எடுப்பது ஒரு பூஜை மாதிரி நிதானமாக நடந்தது. ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அழுத்த அழுத்த, நுரை நுரையாக வந்தது. நுரை அடங்கித் தெளிந்த டீசல் வந்ததும் திருகை முறுக்கினார். பிறகு பெரிய பம்பில் அதே காரியம். பிறகு நாசில் தலையிலுள்ள நட்டைத் தளர்த்தி, இன்ஜினைச் சுற்றவிட்டு, டீசல் துப்பியதும் முறுக்கினார். செப்பு வாஷர்களையும் புதிதாக மாற்றினார். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும் என்றார். தரை சுத்தமாக இருக்கிறதே என்று அதுவரை காவல்காரரைப் பாராட்டிவந்தவன் நான்.

இன்ஜின் பிடித்தது. லிஃப்டும் ஏறியது. மாமா கைதட்டினார். காபி வந்தது. காபி ஆறுவதற்குள் இன்ஜின் மறுபடி பெருமூச்சு விட்டு நின்றது.

"நான் அப்பவே சொன்னேன், நாசில்" என்றார் மாமா, உற்சாகமாக.

மெக்கானிக் டாங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மூடியைத் திருப்பி என் டார்ச்சின் கீழ் நீட்டினார். எனக்குப் பழக்கம் இல்லாததால் வெளிச்சம் முதலில் மாமாவின் மூக்கில் விழுந்தது. மூடியில் ஊசி முனையளவு ஒரு துவாரம் இருக்க வேண்டிய இடத்தில், பச்சை எனாமல் பெயிண்ட். போன தீபாவளிக்குக் கட்டடத்துக்கு வர்ணம் அடித்தவர்கள், மனசு தாராளமாகி ஜெனரேட்டருக்கும் இரண்டு கோட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டீசல் இறங்க இறங்க, அந்த இடத்துக்கு வெளிக்காற்று வந்தாக வேண்டும். வர வழியில்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டீசலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

"வரவேண்டிய எடத்துல காத்து வரல. வரக்கூடாத எடத்துல வந்திருச்சு. அவ்ளோதான் சார்" என்று சொல்லி, ஒரு குண்டூசியால் துவாரத்தைக் குத்தினார். மூன்று நாசில் விலைக்கு மனதைத் தயார்படுத்தியிருந்த எனக்கு, குண்டூசி வைத்தியம் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

அவசரக் கூட்டம் கூட்டினோம். டாங்கை எப்போதும் நிரப்பி வைப்பது என்று முதல் தீர்மானம். தரைத்தளத்துக்காரர்கள் தாங்கள் லிஃப்டே ஏறுவதில்லை என்பதால் டீசல் பங்கு தரமாட்டோம் என்றார்கள். அப்படியானால் படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார் என்று மாடிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தத் தீர்மானம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வாரா வாரம் இன்ஜினை ஓட்டுவது என்ற இரண்டாம் தீர்மானம் மட்டும் நிறைவேறியது. ஆனால் சும்மா ஓட்டினால் கரி பிடிக்கும், லோடு கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"லோடுக்கு எங்கே போறது?" என்று கேட்டேன்.

கூட்டம் என்னைப் பார்த்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும், ஜெனரேட்டர் ஓடும்போது, காரியதரிசி லிஃப்டில் மேலும் கீழும் போய்வர வேண்டும் என்று மாமா முன்மொழிய, என் மனைவி வழிமொழிந்தாள்.

"நடுவில நின்னுட்டா?" என்றேன்.

"அதுக்குத்தானே ஓய் உம்மை ஏத்தறது" என்றார் மாமா. "அப்பதான் மெக்கானிக்குக்கு உடனே போன் போகும்."