தாழப் பறந்தால் மழை

ஏரிப் பாசனக்காரனுக்கு அண்ணாந்து பார்க்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உத்திரமேரூரில் நாங்கள் ஐப்பசி வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டவர்கள். எழுபதுகளில் வேடந்தாங்கலுக்குப் போகும் நாரைகளை விட்டால் அந்த வானத்தில் பறப்பதற்கு இருந்தது ஏரோப்ளேன் ஒன்றுதான். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் களத்துமேட்டுக்கு ஓடிப்போய்க் கையாட்டுவோம். உள்ளே யார் இருப்பார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமே கிடையாது. ஒன்று மந்திரி, இல்லாவிட்டால் எம்.ஜி.ஆர்.

எப்போதாவது ஒன்று வழக்கத்தைவிட ரொம்பத் தாழ வரும், மீனம்பாக்கம் பக்கமாகத் திரும்பிப் போகும். அன்றைக்கு டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. "இன்னாத்தையோ மறந்து வெச்சிட்டான், எடுக்கத் திரும்பிப் போறான்" என்பார் ஒருவர். "மெட்ராசுக்கு வழி தவறிட்டான்" என்பார் இன்னொருவர். எங்கள் தாத்தா மட்டும் அவசரப்பட மாட்டார். "ஐப்பசியில ஏரோப்ளேன் தாழப் பறந்தா மழைடா" என்பார். மேகம் கனத்துக் கிடக்கிறதாம், அடியில் இருக்கும் இடுக்கில் நுழைந்து வருகிறதாம்.

பட்டணத்தில் படிக்கப் போன பிறகு தாத்தாவை நினைத்துச் சிரித்திருக்கிறேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது மேற்கே எங்கள் பக்கமாக வந்து, கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். ஆகவே மழைக்காலத்தில் எங்கள் திசையில் அதிகம் தாழ்வது உண்மைதான். காரணத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டுப் பலனைச் சரியாகச் சொல்வது ஜோசியர்களுக்கே வாய்க்காத திறமை.

இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சத்தம் கேட்டால் குனிகிறார்கள். எதிர்வீட்டுப் பையன் போனில் ஃபிளைட்ரேடாரைத் திறந்து, "கோயம்புத்தூர் வண்டி மாமா, எட்டாயிரம் அடி, லேட்டா வருது" என்கிறான். விமானம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. அவன் போனில் ஒரு மஞ்சள் பொம்மை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

2024 அக்டோபர் 11 அன்று அந்தச் செயலிக்கு முழு வேலை கிடைத்தது. ஆயுத பூஜை. டிராக்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பொரிகடலை தின்றுகொண்டிருந்த நேரம். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். மாலை ஐந்தே முக்காலுக்குப் பறந்தது, இறங்காமல் திருச்சி, புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்திலேயே வட்டமடித்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் வாசலில் நின்று நிஜ விமானத்தையே பார்த்தார்கள். நாங்கள் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து, போனில் கோலம்போல் விழுந்த கோட்டைப் பார்த்தோம்.

"ஏன் சுத்துது?" என்றாள் அத்தை. ஷார்ஜா வரைக்கும் போக எரிபொருள் நிரப்பியிருக்கிறார்கள், ஏறும்போது இருக்கும் கனத்தோடு இறங்கக் கூடாது, பெரிய விமானங்கள் சிலவற்றைப்போல வானத்திலேயே கொட்டிவிட இதில் வசதி இல்லை, எரித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று விளக்கினேன். "லிட்டர் நூறு ரூபா, சும்மா சுத்தி எரிக்கிறானா!" என்றாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் மகன் துபாயில் எலக்ட்ரீஷியன். இப்போது விமானத்தில் மந்திரியும் இல்லை, எம்.ஜி.ஆரும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

எட்டேகால் வாக்கில் பத்திரமாக இறங்கியது. விமானி அவசரநிலையே அறிவிக்கவில்லை என்று கம்பெனி பிற்பாடு சொன்னது. தொலைக்காட்சிகள்தான் அறிவித்திருக்கின்றன போலும். அவர்கள் மூச்சு வாங்குவதற்குள், எட்டரை மணிக்கு, கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயில் மேல் மோதியது. விமானம் திரையின் கீழ்வரிக்குப் போய்விட்டது.

இனிமேல் தாழப் பறப்பதில் அதிசயம் இருக்காது. இதே மாவட்டத்தில், பரந்தூரில், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரப்போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். வயலும் ஏரியும் தாங்கலும் அதில் அடக்கம். அன்றிலிருந்து, அந்த நிலப்பரப்புக்குள் வரும் ஏகனாபுரத்துக்காரர்கள் போராடுகிறார்கள், கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போடுகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தார்கள்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகள் இருக்கின்றன. 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமரே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். குடத்தில் போடும் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் அந்தச் சுவர் கேட்கும் தகுதிகளில் இரண்டு: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓடுபாதை வந்தால் ஏகனாபுரத்துக்காரர்களிடம் இல்லாமல் போகப்போவது சரியாக அந்த இரண்டும்தான்.

போன மாதம் ஒரு மனைத் தரகர் வந்தார். எங்கள் ஆயக்கட்டு வயலைக் காட்டி, "ஏர்போர்ட்டுக்கு அரை மணி நேரம் சார், இப்பவே மனை போட்டு வெச்சிடுங்க" என்றார்.

"ஐப்பசியில இங்க இடுப்பளவு தண்ணி நிக்குமே."

"அப்ப ஏர்போர்ட் வந்துடும் சார்."